அருங்காட்சியகத்துக்கு டிஜிட்டல் அறிவிப்புத் திரை: தேர்வு செய்யும் முறை, படிப்படியாக

அருங்காட்சியகத்தில் டிஜிட்டல் திரைகள் வைக்கலாம் என்று முடிவானதும் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை அங்குலத் திரை வாங்கலாம்?" என்பதுதான். அது எட்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முந்தைய ஏழு வேலைகளைச் செய்யாமல் திரை வாங்கிய இடங்களில் ஓராண்டுக்குள் ஒரே காட்சிதான்: முடிந்துபோன கண்காட்சியின் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது அணைந்து கிடக்கும் திரையின் மேல் யாரோ ஒரு காகிதத்தை ஒட்டியிருப்பார்கள்.

பெரும்பாலும் திரையில் எந்தப் பழுதும் இருக்காது. அன்றாடம் அதில் செய்தியை மாற்றப்போகிறவர் யார் என்று வாங்கும்போது எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். அவரை மனத்தில் வைத்தே கீழே உள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் எடுத்த முடிவைச் சார்ந்தது என்பதால் வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு தளத்தின் வரைபடமும் வேண்டும். அதில் மின் இணைப்புகளும் நெட்வொர்க் கேபிள் வந்துசேரும் இடங்களும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிச்சத்தை அளக்க ஒரு லக்ஸ் மீட்டர், எந்தெந்த மொழிகளில் அறிவிப்பு வர வேண்டும் என்ற பட்டியல், திறப்பு நேரங்கள் ஆகியவையும் தேவை.

இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, கடந்த ஓராண்டில் சுவர்களிலும் கதவுகளிலும் ஒட்டப்பட்ட காகித அறிவிப்புகளின் தொகுப்பு. கோப்பில் இல்லாவிட்டால் கணினியில் தேடி எடுங்கள். ஊழியர்கள் தாமாகவே அச்சிட்டு ஒட்டிய ஒவ்வொரு தாளும் ஒரு உண்மையான தேவையைக் காட்டுகிறது. எந்த விற்பனையாளரின் விளக்கக் கூட்டமும் இவ்வளவு தெளிவாக உங்கள் தேவையைச் சொல்லாது.

1. பார்வையாளர் எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள்

கூட்டமான ஒரு நாளிலும் கூட்டமில்லாத ஒரு நாளிலும் வாசலிலிருந்து கடைசிக் கூடம் வரை நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே திரும்பி வருகிறார்கள், எந்த இடத்தில் காவலரிடம் வழி கேட்கிறார்கள் என்று வரைபடத்தில் குறியுங்கள். டிக்கெட் கவுண்டரில் இருப்பவரிடமும் காவலர்களிடமும் அவர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து ஊகிக்கும் பட்டியலும் இந்தப் பட்டியலும் ஒத்துப்போவது அரிது.

பிறகு அந்தக் கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள். கழிவறை, மின்தூக்கி, வெளியேறும் வழி போல என்றும் மாறாதவை முதல் வகை. இவற்றுக்கு அச்சிட்ட பலகையே போதும். அவசர வழிக்கான பலகையைத் திரையை நம்பி ஒருபோதும் விடக்கூடாது. மின்சாரம் நின்றால் பலகையும் போய்விடும், அதுவும் மிகத் தேவையான நேரத்தில்.

மூடியிருக்கும் கூடம், வழிகாட்டியுடன் சுற்றும் நேரம், அன்றைய நிகழ்ச்சி போல நாள்தோறும் மாறுபவை இரண்டாம் வகை. அறிவிப்புத் திரை பிறந்தது இதற்காகத்தான். ஒரு அரும்பொருளைப் பற்றி விளக்கும் படங்களும் ஊடாடும் திரைகளும் மூன்றாம் வகை. அவற்றின் மென்பொருள், செலவு, பொறுப்பாளர் எல்லாமே வேறு. மூன்று வகைக்கும் ஒரே அமைப்பை வாங்க முயல்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பெரிய தவறு. எதிலும் நிறைவில்லாத, எல்லாவற்றிலும் விலை கூடிய ஒன்று கையில் வந்து சேரும்.

2. செய்தியை மாற்றப்போகிறவரை முடிவு செய்யுங்கள்

காலை ஒன்பது மணி. இரண்டாம் தளத்தில் ஒரு கூடத்தின் குளிரூட்டி நின்றுவிட்டது, கூடத்தை மூடியாக வேண்டும். பத்து மணிக்கு வாசல் திறக்கும். கணினிப் பிரிவில் இருப்பவர் விடுப்பில் இருக்கிறார். பணியில் இருக்கும் கண்காணிப்பாளர் தன் மேசையிலிருந்தே ஐந்து நிமிடத்தில், தேவையான எல்லா மொழிகளிலும், வாசல் திரையில் இந்தச் செய்தியைக் கொண்டுவர முடியுமா? நீங்கள் வாங்கப்போகும் அமைப்பை இந்தக் காட்சியை வைத்தே எடைபோடுங்கள்.

இது நடக்க வேண்டுமானால் வாக்கியங்கள் முன்கூட்டியே மொழிபெயர்க்கப்பட்டு வார்ப்புருவாக இருக்க வேண்டும். கூடத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்துவதோடு கண்காணிப்பாளரின் வேலை முடிய வேண்டும். ஆகவே எழுதுபவர், சரிபார்ப்பவர், மொழிபெயர்ப்பவர், அவசரத்தில் மாற்றும் அதிகாரம் உள்ளவர் என்று பெயர்களைக் குறியுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவருடைய விடுப்பு நாளில் திரை ஊமையாகிவிடும்.

முடிவுத் தேதி இல்லாமல் எந்த அறிவிப்பும் திரைக்குப் போகக்கூடாது என்ற விதியையும் இப்போதே எழுதிவையுங்கள்.

3. இடத்தைக் குறித்து, அட்டையை ஒட்டிப் பாருங்கள்

வாசலைத் தாண்டிய முதல் சில அடிகளில் யாரும் எதையும் படிப்பதில்லை. வெளி வெளிச்சத்திலிருந்து உள்ளே வந்த கண் பழகிக்கொண்டிருக்கும், கை பையைச் சரிசெய்துகொண்டிருக்கும், மனம் டிக்கெட் கவுண்டரைத் தேடிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் திரையைச் சற்று உள்ளே தள்ளி வையுங்கள். வழி பிரியும் இடத்தில் திரை வைப்பதானால், பிரிவதற்கு முன்னால் வர வேண்டும். பிரிந்த பிறகு வருகிற திரை, தவறான பக்கம் திரும்பிவிட்டதைத்தான் சொல்லும்.

படிக்க நிற்பவர்கள் படிக்கட்டையோ கதவையோ மறிக்காத இடமாக இருக்கட்டும். கூட்டத்தில் முன்னால் நிற்பவர்களின் தலைகள் மறைக்கும் என்பதால் வழிகாட்டும் திரைகள் தலைக்கு மேல் தெரிய வேண்டும். தொடுதிரை என்றால் நேர்மாறு. அமெரிக்க அணுகல்தன்மைத் தரநிலை, கையால் இயக்க வேண்டியவை தரையிலிருந்து ஏறத்தாழ 38 முதல் 122 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டு விதி வேறாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். திரையின் மேல் மூலையில் "பின்செல்" பொத்தானை வைத்துவிட்டால் சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தத் திரை முதல் பக்கத்தோடு முடிந்துவிடும்.

சுவரில் பொருத்தும் திரை சுவரிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெள்ளைக் கோலைத் தரையில் தட்டியபடி வருபவருக்கு இடுப்புக்கு மேலே நீட்டியிருக்கும் பொருள் தெரியாது.

இடம் முடிவானதும் திரையின் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி அங்கே ஒட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். தூண் மறைப்பது, கதவு திறக்கும்போது இடிப்பது, பள்ளிக் குழந்தைகள் வரிசையாக நிற்கும்போது மறைந்துபோவது எல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். சுவரில் துளையிட்ட பிறகு தெரிந்தால் செலவு வேறு.

4. வெளிச்சத்தை அளவிடுங்கள்

கடையிலோ அலுவலகத்திலோ திரை வைப்பதற்கும் அருங்காட்சியகத்தில் வைப்பதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள்.

துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்ற மென்மையான பொருள்கள் இருக்கும் கூடத்தில் வெளிச்சம் வழக்கமாக 50 லக்ஸ் அளவில் வைக்கப்படும். எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை போகலாம். உள்ளரங்கத்துக்கான அறிவிப்புத் திரைகள் பொதுவாக 350 முதல் 700 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) வரை ஒளிரக்கூடியவை. 50 லக்ஸ் கூடத்தில் அந்தத் திரையை முழு ஒளியில் வைத்தால் அது ஒரு விளக்கு. அதைப் பார்த்த கண்ணின் பாவை சுருங்கிவிடும். அடுத்த நொடி பேழையில் இருக்கும் பழைய துணியைப் பார்த்தால் அது இருட்டாகத் தெரியும். பார்வையாளர் "வெளிச்சமே போதவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போவார்.

எனவே விற்பனையாளரிடம் திரையின் ஒளியை எவ்வளவு கூட்டலாம் என்பதோடு, எவ்வளவு குறைக்கலாம் என்றும் கட்டாயம் கேளுங்கள். மிகக் குறைந்த நிலையில் படம் மினுங்குகிறதா என்பதைக் கைப்பேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். சில திரைகள் பின்னொளியை விட்டுவிட்டு அணைத்துத்தான் ஒளியைக் குறைக்கின்றன. பார்வையாளர்கள் எடுக்கும் படங்களில் அது கோடுகளாக விழும்.

அளக்கும் முறை எளிது. கூடத்து விளக்குகளை அணையுங்கள். திரையில் முழு வெள்ளையை வரவழையுங்கள். லக்ஸ் மீட்டரை அருகிலுள்ள அரும்பொருளின் மேற்பரப்பு இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். வரும் எண் முழுக்கத் திரையிலிருந்து மட்டும் வருவது. அதைக் காப்பாளரிடமும் பொருள் பாதுகாப்பு நிபுணரிடமும் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். இருண்ட கூடங்களில் கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து என்று விதித்துவிட்டால் இந்த எண் வெகுவாகக் குறையும்.

பலரும் கவனிக்கத் தவறுவது பிரதிபலிப்பு. கண்ணாடிப் பேழைக்கு எதிர்ச் சுவரில் திரை வைத்தால், பேழைக்குள் இருக்கும் வெண்கலச் சிலையின் முகத்தின் மேல் நிகழ்ச்சி விளம்பரம் நகர்ந்துகொண்டிருக்கும். அட்டை ஒட்டிய இடத்தில் ஒரு மடிக்கணினியைத் திறந்து பிடிக்கச் சொல்லி, பேழையின் முன் நின்று பாருங்கள். ஒரு நிமிட வேலைதான், ஒரு கூடத்தையே காப்பாற்றும்.

திரை வெளியிடும் வெப்பமும் கணக்கில் வர வேண்டும். பேழைக்குள்ளோ அதன் உடலை ஒட்டியோ திரை வைத்தால் உள்ளே வெப்பநிலை ஏறி ஈரப்பதம் மாறும். பொருளுக்கு அருகிலேயே சிறிய மாறும் குறிப்பு தேவையென்றால் மின்தாள் (e-paper) திரையைப் பாருங்கள். அதற்குச் சொந்த ஒளி கிடையாது, செய்தியை மாற்றும் நேரம் தவிர மின்சாரமும் வேண்டாம்.

வெயில் விழும் முகப்புக் கூடத்துக்குக் கதை வேறு. அங்கே 700 நிட்டாவது வேண்டும். கண்ணாடி வழியாகத் தெருவை நோக்கி வைப்பதானால் 2,500 நிட் அளவுக்குப் போக வேண்டியிருக்கும். இதனால்தான் "எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரித் திரை" என்ற யோசனை அருங்காட்சியகத்தில் பொருந்துவதில்லை.

5. எழுத்தின் அளவையும் சுழற்சி நேரத்தையும் ஒத்திகை பாருங்கள்

படிக்கும் தூரம் மூன்று மீட்டர் என்றால் எழுத்தின் உயரம் குறைந்தது 25 மி.மீ. இருக்கட்டும், ஆறு மீட்டருக்கு 50 மி.மீ. தமிழில் கொக்கிகளும் சுழிகளும் வரிக்கு மேலும் கீழும் நீள்வதால் ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி போதாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின்படி 4.5:1 ஆவது இருக்க வேண்டும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் ஓடவிடாதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

அடுத்து ஒரு சிறு கணக்கு. ஆறு பக்கங்கள், பக்கத்துக்கு 15 நொடி என்றால் ஒரு சுற்று 90 நொடி. வாசலில் ஒருவர் திரையின் முன் பத்து நொடி நின்றால் ஒரு பக்கத்தைப் பார்ப்பார், அதிகம் போனால் இரண்டு. "இரண்டாம் தளம் இன்று மூடப்பட்டுள்ளது" என்பது ஐந்தாவது பக்கத்தில் இருந்தால் அவர் மாடியேறி ஏமாந்து இறங்குவார். ஆகவே அன்று கட்டாயம் தெரிய வேண்டியது திரையின் ஒரு பகுதியில் நிலையாக நிற்க வேண்டும். நிகழ்ச்சி விளம்பரங்கள் மட்டும் சுழலட்டும்.

மொழிகளுக்கும் இதே விதிதான். மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழற்றினால், தெரியாத மொழியைக் கண்டவர் தன் மொழி வரும்வரை காத்திருக்க மாட்டார். இரண்டு மூன்று மொழிகளை அருகருகே வையுங்கள். இடம் போதாவிட்டால் சொற்களைக் குறையுங்கள்.

இந்த ஒத்திகைக்கு எந்தத் திரையும் வாங்க வேண்டாம். இரவல் தொலைக்காட்சி ஒன்றில் வழக்கமான ஸ்லைடு மென்பொருளை ஓடவிட்டாலே போதும். உங்களுக்குத் தேவையான திரையின் அளவு இங்கேதான் தானாகத் தெரியவரும்.

6. மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

திரைக்கு முன் மென்பொருளை முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரையை ஒருமுறை மாட்டுவோம். மென்பொருளோடு தினமும் புழங்குவோம். மேலும் எல்லா மென்பொருளும் எல்லாத் திரையிலும் ஓடாது.

விற்பனையாளர் செய்துகாட்டுவதை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம் படியில் பெயர் குறித்த கண்காணிப்பாளரை நாற்காலியில் உட்காரவைத்து, கீழே உள்ளவற்றை அவரையே செய்யச் சொல்லுங்கள்.

முதலில், வார்ப்புருவிலிருந்து ஒரு கூடம் மூடல் அறிவிப்பை வெளியிடட்டும். எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை இடத்தில் தடுமாறுகிறார் என்று பாருங்கள். பிறகு அதற்கு முடிவு நேரம் வைக்கட்டும். அந்த நேரம் வந்ததும் அறிவிப்பு தானாக மறைகிறதா என்று பாருங்கள்.

அடுத்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கடைசியாக வந்த செய்தி பிளேயரின் (மென்பொருளை ஓட்டித் திரைக்குப் படத்தைத் தரும் கருவியின்) நினைவகத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெற்றுத் திரையோ பிழைச் செய்தியோ வந்தால் அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

எழுத்துரு சோதனையை மறக்காதீர்கள். பௌத்தம், தொல்லியல், லக்ஷ்மி, ஸ்ரீ என்ற சொற்களைத் தட்டச்சு செய்து, கணினியில் அல்லாமல் திரையிலேயே பாருங்கள். சில பிளேயர்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிவட்டம் முளைக்கும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு அறிவிப்பையும் படமாக மாற்றி ஏற்ற வேண்டிய நிலை வந்தால், காலை ஒன்பது மணிச் சோதனையில் தோற்றுவிட்டது என்று பொருள். அரபு, உருது போல வலமிருந்து இடமாக எழுதும் மொழி உங்கள் பட்டியலில் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவற்றோடு, எழுதுபவருக்கும் ஒப்புதல் தருபவருக்கும் தனித்தனி உரிமை கொடுக்க முடிகிறதா, ஒரு திரை அணைந்தால் எச்சரிக்கை வருகிறதா, தீ எச்சரிக்கை அமைப்போடு இணைத்து எல்லாத் திரைகளிலும் வெளியேறும் அறிவிப்பைக் கொண்டுவர முடிகிறதா, ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் கோப்புகளை வெளியே எடுத்துக்கொள்ள முடிகிறதா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளவுட் சேவையா, சொந்த சர்வரா என்ற கேள்விக்கு என் பதில்: கணினிப் பிரிவில் முழுநேர ஆள் இல்லாத அருங்காட்சியகத்துக்குக் கிளவுட் சேவையே நல்லது. ஜீபோ போன்ற திறமூல மென்பொருள்களும் உண்டு, நன்றாகவே உழைக்கும். ஆனால் உரிமக் கட்டணம் மிச்சமாகும் இடத்தில் சர்வரைப் பராமரிக்கும் உழைப்பு வந்து சேரும். அதைச் செய்ய ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

7. பிளேயரை முடிவு செய்யுங்கள்

திரைக்குள்ளேயே கணினி பொதிந்து வருவது ஒரு வழி. சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் அடிப்படையிலான திரைகள் இந்த வகை. பிரைட்சைன் போன்ற தனிப் பெட்டியை இணைப்பது இன்னொரு வழி. சாதாரணக் கணினியை இணைப்பது மூன்றாவது.

வெறும் அறிவிப்புக்கு முதல் வழி போதும்; கம்பிகள் குறையும். பல திரைகள் ஒரே கணத்தில் சேர்ந்து இயங்க வேண்டும், உணரிகளோடு இணைய வேண்டும் என்றால் தனிப் பெட்டி. நீண்ட காலத்துக்கும் அதுவே மேல்: திரைக்குள் இருக்கும் கணினி பழையதாகிவிட்டால் நல்ல திரையையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். சாதாரணக் கணினியைத் தவிர்ப்பது நல்லது. இயங்குதளம் புதுப்பிக்கச் சொல்லும் பெட்டி அறிவிப்பின் நடுவில் வந்து நிற்கும். விசிறி இல்லாத பிளேயராகப் பாருங்கள். விசிறி தூசியை இழுக்கும், அமைதியான கூடத்தில் அதன் ஒலியும் கேட்கும்.

8. இப்போது திரையைப் பாருங்கள்

அளவு ஐந்தாம் படியில் தெரிந்துவிட்டது, ஒளி நான்காம் படியில். மிஞ்சியிருப்பது தரம்.

வீட்டுத் தொலைக்காட்சி மலிவு என்று அதை வாங்கச் சொல்லும் குரல் எல்லா இடத்திலும் எழும். வணிகப் பயன்பாட்டுக்குப் பெரும்பாலும் அதன் உத்தரவாதம் செல்லாது. செங்குத்தாகப் பொருத்தினால் வெப்பம் வெளியேறும் பாதை மாறிவிடும். பலவற்றில், பார்வையாளர் யாரும் பொத்தானை அழுத்தாதபடி பூட்ட முடியாது. வணிகத் திரைகளில் நாளுக்கு 16 மணி நேரம் அல்லது 24 மணி நேரம் ஓடக்கூடியவை என்று தெளிவாகக் குறிப்பிட்டிருப்பார்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் திறந்திருக்கும் இடத்துக்கு 16 மணி நேர வகையே தாராளம்.

நிலையான எழுத்து நாள் முழுவதும் நிற்கும் இடத்தில் ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகைத் திரை) வேண்டாம். எழுத்தின் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பின்னொளியில் இயங்கும் எல்சிடி போதும். பளபளப்பான மேற்பரப்பைத் தவிர்த்து மங்கல் பூச்சுள்ளதை எடுங்கள். தொடுதிரையில் அகச்சிவப்பு வகை விலை குறைவு. ஆனால் நேரடி வெயிலிலும் சட்டத்தின் ஓரத்தில் தூசி சேரும்போதும் தவறாகப் புரிந்துகொள்ளும். கைப்பேசியில் இருப்பது போன்ற மின்தேக்க வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

எல்இடி சுவர் (சிறு எல்இடி விளக்குப் புள்ளிகளை நெருக்கமாக அடுக்கிய பெரிய திரை) பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு தோராய விதி: புள்ளிகளின் இடைவெளி எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மீட்டர் தள்ளி நின்றால்தான் படம் ஒட்டித் தெரியும். 2.5 மி.மீ. சுவரை ஒரு மீட்டர் அகலமுள்ள நடைவழியில் வைத்துப் பயனில்லை.

9. மின்சாரம், கேபிள், நெட்வொர்க்

வைஃபை இருக்கிறதே என்று விடாதீர்கள். தடித்த சுவர்களும் கூட்டத்தின் கைப்பேசிகளும் சேர்ந்து நெரிசலான நாளில்தான் அதை முடக்கும். கம்பி இழுக்க முடிந்த இடமெல்லாம் கம்பியே. தொன்மையான கட்டடமாக இருந்தால் துளையிட அனுமதி தேவைப்படலாம். அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட அது அதிகக் காலம் எடுக்கும்.

பிளேயரிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை நீளமாக இழுத்தால் படம் விட்டுவிட்டு வரும். பிளேயரைத் திரைக்குப் பின்னாலேயே வைப்பது எளிய தீர்வு. திரைகளின் நெட்வொர்க்கைப் பார்வையாளர்களின் வைஃபையிலிருந்தும் அலுவலகக் கணினிகளிலிருந்தும் பிரித்து வையுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள், கைக்கு எட்டும் யுஎஸ்பி துளைகளை மூடுங்கள்.

10. ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிட்டு ஒப்பந்தப்புள்ளி கோருங்கள்

திரையின் விலை கண்ணுக்குத் தெரியும் செலவு மட்டுமே. தாங்கி, மின்வேலை, கேபிள், பிளேயர், திரைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் வரும் சந்தா, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, பயிற்சி, உதிரி எல்லாவற்றையும் ஐந்தாண்டுக்குக் கூட்டுங்கள். உள்ளடக்கம் தயாரிக்கும் செலவை மறந்துவிட்டு எல்லாப் பணத்தையும் திரைக்கே கொடுத்துவிடுவது மிகப் பரவலான தவறு.

ஒப்பந்தப்புள்ளியில் அங்குலத்தையும் தெளிவுத்திறனையும் மட்டும் எழுதினால் மலிவான திரை வரும். ஆறாம் படியின் சோதனைகளையும் நான்காம் படியின் ஒளி அளவையும் நிபந்தனைகளாகவே எழுதுங்கள்: கேபிளைப் பிடுங்கினாலும் ஓட வேண்டும், மின்சாரம் திரும்பினால் தானாக எழ வேண்டும், தமிழ் எழுத்து பிழையின்றி வர வேண்டும்.

11. ஒரே ஒரு திரையை வைத்துச் சோதியுங்கள்

நான்கு வாரம் போதும். அதற்குள் கூட்டம் நிறைந்த ஒரு விடுமுறை நாள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முதல் படியில் காவலரிடம் வந்த கேள்விகள் குறைந்தனவா என்று எண்ணுங்கள். குறையாவிட்டால் திரையைக் குறை சொல்வதற்கு முன் வாக்கியத்தையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். ஒரு மாலை மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுங்கள். யாரும் தொடாமல் அறிவிப்பு திரும்பி வர வேண்டும். விற்பனையாளர் பக்கத்தில் இல்லாத நாளில் இதைச் செய்யுங்கள்.

12. ஒப்படைப்பு

முதன்மை நிர்வாகக் கணக்கு அருங்காட்சியகத்தின் பொது மின்னஞ்சலில் இருக்க வேண்டும். விற்பனையாளரின் பெயரிலோ, நாளை மாற்றலாகிப் போகக்கூடிய ஒரு ஊழியரின் பெயரிலோ இருந்தால் உங்கள் திரைகளின் சாவி உங்களிடம் இல்லை. கடவுச்சொற்கள், கேபிள் வரைபடம், உத்தரவாதத் தேதி ஆகியவற்றை ஒரே கோப்பில் வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

ஒவ்வொரு திரையின் பின்புறமும் அதன் எண்ணும் நெட்வொர்க் இணைப்பின் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். தனிப் பெட்டி பிளேயர் என்றால் முழுமையாக அமைக்கப்பட்ட ஒரு உதிரியை அலமாரியில் வையுங்கள். பழுதானதைக் கழற்றி உதிரியை மாட்டும் முறையைக் கண்காணிப்பாளர் தன் கையாலேயே ஒருமுறை செய்து பார்த்த பிறகு ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திடுங்கள்.